கரடி பொம்மையின் ஊரில் ஒரு நாள்

தென் ஜெர்மனியில், தன்யூப் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது உல்ம் என்னும் நகரம். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் 1879ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இது. இங்குப் பணியாற்றும் எம் மகனைக் காண நானும் என் துணைவியாரும் சென்றிருந்தோம். ஒரு வாரத்திற்குள் பெரிய தேவாலயத்தையும் ஆற்றங்கரையையும் பழைய மதில்களையும் பார்த்து முடித்துவிட்டோம். கட்டடங்களைக் கண்டு என் துணைவியாருக்குச் சலிப்பு ஏற்பட்டுவிட்டது. அவர் முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பழகியவர்.

"உம்மாவுக்கு ஏற்ற ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, வாப்பா. கரடி பொம்மை பிறந்த ஊர்" என்றான் மகன்.

"பொம்மை பார்க்கும் வயதா எனக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவர் புறப்பட்டு நின்றார்.

உல்மிலிருந்து வடகிழக்கே, பிரென்ஸ் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்கிறது ஒரு சிறு இரயில் பாதை. வழியில் நீடர்ஸ்டோட்ஸிங்கன் என்றொரு நிலையம். அதற்கருகே லோனே பள்ளத்தாக்கில் ஃபோகல்ஹெர்ட் என்னும் குகை இருப்பதாக மகன் சொன்னான். பனியூழிக் காலத்து மனிதர்கள் மாபெரும் யானையாகிய மாமத்தின் தந்தத்தில் செதுக்கிய குதிரை, சிங்கம், மாமத் உருவங்கள் 1931இல் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. முப்பத்தையாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று அவற்றைக் கணித்துள்ளனர். 2006இல் கிடைத்த மாமத் உருவம் 4 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை, உள்ளங்கைக்குள் மூடிக்கொள்ளலாம். சன்னலுக்கு வெளியே கோதுமை வயல்களையும் தாழ்ந்த குன்றுகளையுமே கண்டோம். விலங்கைச் சிறிதாக்கிக் கையில் வைத்துக்கொள்ளும் ஆசை இந்த மண்ணுக்குப் புதிதன்று என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரத்திற்குள் கீங்கன் வந்துவிட்டது. ஏறத்தாழ 20,000 மக்கள் வாழும் அடக்கமான ஊர். முப்பதாண்டுப் போரில், 1634ஆம் ஆண்டு, தீக்கிரையாகி மீண்டும் எழுந்த ஊர். நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் ஷ்டைஃப் நிறுவனத்தின் அருங்காட்சியகம் உள்ளது. 2005இல் திறக்கப்பட்ட வட்ட வடிவக் கட்டடம் அது. உள்ளே நுழைந்தவுடன் கரடிக் கூட்டம் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் அங்கு முதலில் நம் முன் வந்து நிற்பது கரடியன்று. ஒரு பெண்மணியின் கதை.

மார்கரெட் ஷ்டைஃப் அம்மையார் 1847ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இவ்வூரில் ஒரு கட்டடக் கலைஞரின் மகளாகப் பிறந்தார். ஒன்றரை வயதில் கடுங்காய்ச்சல் கண்டது. இளம்பிள்ளை வாதம் இரு கால்களையும் முடக்கிற்று, வலக்கையும் நலிவுற்றது. மருத்துவம் பயன் தரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிறு வண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்ல, அவர் பள்ளிக்குச் சென்றார். பிறகு தையல் பள்ளிக்கும் சென்றார். வலக்கை ஒத்துழைக்காத ஒரு பெண் தையலைத் தொழிலாகக் கொள்வதாவது என்று ஊரார் எண்ணியிருக்கக்கூடும். அவரோ பதினேழு வயதில் பயிற்சியை முடித்தார். ஸிதர் என்னும் நரம்பிசைக் கருவியை வாசிக்கக் கற்று, அதைப் பிறருக்குக் கற்பித்தும் பொருளீட்டினார்.

அவரும் சகோதரிகளும் சேர்ந்து வாங்கிய தையல் இயந்திரம் இவ்வூருக்கு வந்த முதல் இயந்திரம் என்பர். இங்கேதான் ஓர் இடையூறு. கையால் சுற்றும் இயந்திரத்தின் சக்கரம் வலப்புறம் இருப்பதை நம் இல்லங்களில் அனைவரும் அறிவோம். மார்கரெட்டின் வலக்கையோ சுற்றும் வலுவற்றது. அவர் இயந்திரத்தையே பின்முன்னாகத் திருப்பி வைத்தார். சக்கரம் இடப்பக்கம் வந்துவிட்டது. இடக்கையால் சுற்றித் தைத்தார்.

இதை மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் என் துணைவியார் அங்கேயே நின்றுவிட்டார். "திருப்பி வைத்தால் துணி நம்மை நோக்கியல்லவா வரும்?" என்று தமக்குள் கேட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் அடுத்த கூடத்திற்குச் சென்று திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில்தான் இருந்தார்.

1877இல் அம்மையார் சொந்தமாக ஒரு கடை திறந்தார். விற்பனைப் பொருள் ஃபெல்ட் துணியில் தைத்த உள்பாவாடைகளும் ஆடைகளும். கீங்கனில் அப்போதே ஃபெல்ட் ஆலை இருந்தது. (அந்த ஆலை அதிபரின் துணைவியார் லீனா ஹேன்லே 1899இல் பறவைகளைக் காக்க ஒரு சங்கம் கண்டார். ஜெர்மனியின் பெரிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுள் ஒன்றாக அது வளர்ந்திருக்கிறது.) ஃபெல்ட் என்பது நெய்த துணியன்று. ஆட்டு உரோமத்தை நனைத்து, சூடேற்றி, அழுத்தி, இழையோடு இழை பின்னிக்கொள்ளச் செய்வது. அதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. ஆகவே எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடித்து அடிக்க வேண்டியதும் இல்லை. சின்னஞ்சிறு காது, தும்பிக்கை, வால் என எந்த வளைவையும் கத்தரியால் வெட்டி அப்படியே தைத்துவிடலாம். பாவாடைக்காக வாங்கிய துணி பொம்மைக்கும் வழிகாட்டியது இதனால்தான்.

1879ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு மகளிர் இதழில் யானை உருவத்தின் வெட்டு மாதிரி வெளிவந்தது. அதைப் பார்த்து அம்மையார் ஃபெல்டில் சிறு யானைகளைத் தைத்தார். குண்டூசி குத்தி வைக்கும் ஊசி மெத்தைகளாகத்தான் தைத்தார். வட்டார வழக்கில் அவற்றின் பெயர் 'எலஃபாண்ட்லே', அதாவது குட்டி யானை. பெண்களுக்கென்று செய்த ஊசி மெத்தையைப் பிள்ளைகள் பறித்துக்கொண்டு விளையாடத் தொடங்கினர். அம்மையார் அதைக் குறிப்பறிந்துகொண்டார். 1886இல் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட யானைகள் விற்பனையாயின. குதிரை, ஒட்டகம், பன்றி, நாய், பூனை என்று பட்டியல் நீண்டது. பாவாடைக் கடை பொம்மைத் தொழிற்சாலையாயிற்று.

கரடி வந்தது அதற்குப் பிறகு, உடன்பிறந்தாரின் மகன் ரிச்சர்ட் வழியாக. ஷ்டுட்கார்ட் நகரில் கைத்தொழிற் கலை பயின்றபோது, அங்குள்ள விலங்குக் காட்சிச் சாலையில் கரடிகளின் முன் அமர்ந்து வரைந்து பழகியவர் அவர். 1897இல் அத்தையின் தொழிலில் சேர்ந்தார். 1902இல் கை, கால், தலை அசையும் கரடியொன்றை உருவாக்கினார். அதற்கிட்ட குறியீடு '55 பிபி'. அந்த முதல் கரடிகளுள் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. 1903இல் லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வணிகர் 3,000 கரடிகளுக்கு ஆணை தந்தார். அதற்கு முந்தைய நவம்பரில்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையில் கட்டி வைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்த செய்தி கேலிச் சித்திரமாக வெளிவந்திருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் மோரிஸ் மிக்டம் என்பவரும் அதைக் கண்டு ஒரு கரடியைச் செய்தார். ரூஸ்வெல்டின் செல்லப் பெயரான 'டெடி' கரடிக்கு நிலைத்தது. யார் முந்தியவர் என்ற வழக்கை இரு நாட்டாரும் பேசிக்கொள்ளட்டும். கீங்கனில் 1907ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9,74,000 கரடிகள் செய்யப்பட்டன.

கரடிக்கு ஃபெல்ட் போதாது, உரோமம் வேண்டும். அதனால் மோஹேர் வந்தது. 'முகய்யர்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து மோஹேராகத் திரிந்தது. 'தேர்ந்தெடுக்கப்பட்டது' என்பது அதன் பொருள். துருக்கியின் அங்காரா வட்டாரத்து ஆடுகளின் பட்டுப் போன்ற உரோமம் அது. அந்த ஆட்டினத்தை உதுமானியப் பேரரசு நெடுங்காலம் தன் எல்லைக்குள்ளேயே காத்து வந்தது. 1838இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பன்னிரண்டு கிடாக்களும் இனப்பெருக்கத்திற்கு உதவாதவையாக ஆக்கப்பட்டிருந்தனவாம். உடன் சென்ற ஒரே பெட்டையாடு சினையாயிருந்து, கிடாக்குட்டியை ஈன்றது என்கிறார்கள். இன்று உலகில் மோஹேர் மிகுதியாகக் கிடைப்பது தென்னாப்பிரிக்காவில்தான்.

துணி மாறியதும் கைவேலையும் மாறிற்று. ஃபெல்டை வெளிப்புறமாகவே தைக்கலாம். உரோமத் துணியையோ உட்புறம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் புரட்டி எடுக்க வேண்டும். தையலுக்குள் சிக்கிக்கொண்ட உரோமத்தை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி வெளியே எடுக்க வேண்டும். மரச்சீவலைத் திணித்து இறுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் கையாலேயே நூலிட வேண்டும். பாவாடை தைத்த பெண்கள் இவையனைத்தையும் புதிதாகக் கற்றனர்.

ரிச்சர்டின் கை கரடியோடு நிற்கவில்லை. 1903இல் இரும்புச் சட்டமும் இரட்டைக் கண்ணாடிச் சுவரும் கொண்ட தொழிற்கூடம் ஒன்று இங்கு எழுந்தது. அதன் அமைப்பு அவருடைய எண்ணத்தில் உதித்தது என்பர். கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களால் பின்னாளில் புகழ்பெற்ற குரோப்பியஸ் தம் ஃபாகுஸ் ஆலையைத் தொடங்கியது 1911இல்தான். தையற்காரருக்கு எல்லாவற்றிலும் முதல் தேவை வெளிச்சம் என்பதை உணர்ந்தவர் கட்டிய கட்டடம் இது. உள்ளே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். ஊரார் அதற்கு 'கன்னியர் மீன்தொட்டி' என்று குறும்பாகப் பெயரிட்டனர்! வெளியே நின்று பார்த்தோம். நூறாண்டு கடந்தும் பழமை தோன்றவில்லை.

அடுத்து அவர் பட்டத்தில் மனம் வைத்தார். 'ரோலோப்ளான்' என்னும் துணிப் பட்டம் 1909 முதல் விற்பனைக்கு வந்தது. சன்னல் திரைபோல் சுருட்டி வைத்துக்கொள்ளத்தக்கது என்பதை அதன் பெயரே உணர்த்துகிறது. அதில் நிழற்படக் கருவியைக் கட்டி வானிலிருந்து படமெடுத்துப் பார்த்தார்கள். அதே 1909ஆம் ஆண்டு மே மாதம் மார்கரெட் அம்மையார் தம் 61ஆம் வயதில் காலமானார்கள். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், ஆல்பர்ட் ஷ்லொப்ஸ்னீஸ் என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு முழு சர்க்கஸையே பொம்மைகளாக அமைத்துக் காட்டினர். முதல் உலகப் போருக்குப் பின் மோஹேர் கிடைக்காத நாட்களில் காகித நூலில் உரோமத் துணி நெய்தும் கரடி செய்திருக்கிறார்கள். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது அந்தக் கரடி.

அருங்காட்சியகத்தின் ஒரு மூலையில் கைவினைஞர்கள் நம் கண்முன்னே பொம்மை செய்து காட்டுகின்றனர். நாங்கள் சென்றபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கரடியின் மூக்கை நூலிட்டுக்கொண்டிருந்தார். என் துணைவியார் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் கரடி மட்டும்தான் செய்வாரா, கேள்" என்றார்.

மகன் கேட்டதும் அப்பெண்மணி நிமிர்ந்து சிரித்தார். வேலையில் முகம்தான் தம் பங்கு என்றார். உடலைத் தைப்பது வேறொருவர், திணிப்பது வேறொருவர். பல ஆண்டுகளாக மூக்கும் வாயும் தவிர வேறு எதையும் தைத்ததில்லை. கொஞ்ச காலத்திற்கு முன், கனவிலும் மூக்கே வந்ததால், வீட்டில் ஈரக் கம்பளி உரோமத்தைத் தேய்த்து ஃபெல்ட் செய்யும் கலையைக் கற்கத் தொடங்கினாராம். காலணி, கிண்ணம், தொப்பி எனச் செய்து பார்க்கிறார். "பாதி கோணல்தான். ஆனால் முதலிலிருந்து முடிவு வரை என் கையே செய்தது" என்றார்.

இதை மகன் மொழிபெயர்த்ததும் என் துணைவியார் அவருடைய விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசித் தழும்புகள். தம் விரலையும் நீட்டிக் காட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றில்லை. அந்த நேரத்தில் அது குறையாகவும் தெரியவில்லை.

எனக்கோ சற்று நெருடியது. பாவாடையிலிருந்து யானைக்கும், யானையிலிருந்து கரடிக்கும், கரடியிலிருந்து கண்ணாடி மாளிகைக்கும் பட்டத்திற்கும் தாவியது முதலாளி குடும்பத்தின் கை. கூலிக்குத் தைத்தவர்களின் கை ஒரே மூக்கில் நின்றுவிட்டது. இலட்சக்கணக்கில் செய்யும் எந்தத் தொழிலிலும் இது நேர்வதுதான் என்று மகன் வாதாடினான். உண்மைதான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இன்று அந்தக் கைகள் கீங்கனில் மட்டும் இல்லை. துனீசியாவின் சிதி பூசித் வட்டாரத்திலும் இந்நிறுவனத்திற்குத் தொழிற்கூடம் உண்டு. 2010 டிசம்பரில் ஓர் இளம் காய்கனி வியாபாரியின் துயரச் செயலால் உலகமே அறிந்துகொண்ட அதே ஊர். சீனாவிலிருந்து உற்பத்தியைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் 2008இல் அறிவித்தது. நுணுக்கமான கைவேலை பழக நாளாகும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. அரபுப் பெயர் கொண்ட உரோமத்தை அரபு பேசும் சகோதரிகளின் விரல்கள் தைக்கின்றன என்று எண்ணியபோது, அவர்களும் வீட்டில் தங்களுக்கென ஏதேனும் தைத்துப் பார்ப்பார்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

கடையில் கரடிகளின் விலையைப் பார்த்து நாங்கள் பின்வாங்கினோம். கரடி வாங்காமலே இரயிலேறினோம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பிற்பகல், உள்ளறையிலிருந்து கை மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் துணைவியார் மெஷினைப் பின்முன்னாகத் திருப்பி வைத்து, இடக்கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வலக்கையைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். துணி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. தையல் இரண்டு அங்குலம் நேராக ஓடி, பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. அவர் நூலை அறுத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.