கெஸ்ட் பார்க்காத பின்வாசல்

ஓட்டல் குளியலறையில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். "பூமியைக் காப்போம்! துண்டை மறுபடியும் உபயோகிப்பதானால் கம்பியில் மாட்டவும், மாற்ற வேண்டுமானால் தரையில் போடவும்." அதைப் படித்துவிட்டு, "ரூமுக்கு இவ்வளவு காசு வாங்கிட்டு துண்டு துவைக்கறதுல கஞ்சத்தனமா?" என்று நீங்கள் திட்டியிருந்தால், அந்தத் திட்டில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. துபாயில் ஒரு ஓட்டலில் இருபது வருஷத்துக்கு மேலாக இன்ஜினியரிங் பிரிவில் ஆணி பிடுங்குகிறேன். எங்கள் ஓட்டல் அட்டையின் வாசகம் அடியேன் எழுதியதுதான்.

திட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் இந்த மாதிரித் துண்டு அட்டையை வைத்துத்தான் 'கிரீன்வாஷிங்' என்ற வார்த்தையையே உண்டாக்கினார். மிச்சமாவது ஓட்டலின் லாண்டரிச் செலவு, பெயர் மட்டும் பூமிக்கா என்பது அவர் கட்சி. பாதி நியாயம். மீதிப் பாதி வளைகுடாவில் குப்பை கொட்டும் (இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்) நமக்குத் தெரியும். இங்கே குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல் தண்ணீர். உப்பை நீக்க ஒரு தரம் எரிபொருள், துவைக்கச் சூடாக்குவதற்கு ஒரு தரம், உலர்த்தும் மெஷினுக்கு இன்னொரு தரம். இந்த ஊரில் துண்டு துவைப்பது தண்ணீர் செலவு இல்லை, கரண்ட் செலவு.

அட்டையில் என்ன எழுதினால் ஜனங்கள் கேட்பார்கள் என்று ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிஷியஸ் என்ற மூவர் அமெரிக்க ஓட்டல் ஒன்றில் பரீட்சித்து 2008-ல் வெளியிட்டார்கள். "சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள்" என்ற அட்டைக்குச் சுமார் 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். "இங்கே தங்கும் பெரும்பாலோர் துண்டை மறுபடி உபயோகிக்கிறார்கள்" என்று மாற்றியதும் 44 சதவீதம். "இதே அறையில் தங்கியவர்கள்" என்று போட்டதும் 49-க்கு ஏறிவிட்டது. பூமிக்காகச் செய்யாததைப் பக்கத்து வீட்டுக்காரன் செய்கிறான் என்றால் செய்வோம். நம் ஊர் கொலு மாதிரிதான்.

நானும் வாசகத்தை மாற்றினேன். மாற்றியும் லாண்டரிக் கணக்கு நான் நினைத்த அளவு இறங்கவில்லை. காரணம் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. கெஸ்ட் துண்டைக் கம்பியில் சமர்த்தாக மாட்டிவிட்டுத்தான் போகிறார். ரூம் பாய் அதையும் உருவிக்கொண்டு புதுசு வைக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சூப்பர்வைசரின் சோதனைப் பட்டியலில் 'துண்டு மாற்றப்பட்டதா' என்று ஒரு கட்டம், அதில் டிக் விழாவிட்டால் அவனுக்குத்தான் திட்டு. அந்தக் கட்டத்தை எடுத்த மாசம்தான் கணக்கு இறங்கியது. நான் அட்டையோடு மல்லுக்கட்டிய நாளெல்லாம் விஷயம் பட்டியலில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

சாவி அட்டையை உருவினால் ஏசி நிற்கும் ஏற்பாட்டில் பழைய விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டு வெளியே போகும் நம் மக்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. தங்கமணியே ஒரு தரம் லைப்ரரி கார்டைச் செருகிவிட்டு அதை மறந்து வந்தவர்தான் :-)

இப்போது கொஞ்சம் கொசுவத்தி. எனக்கு ஊர் திருவனந்தபுரம் கரமனை. அக்ரகாரத்துத் தமிழ். 'ஓர்மை', 'சிரட்டை', 'ஆக்கும்' எல்லாம் கலந்து நாங்கள் பேசுவதைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். நீச்சல் கற்றது கரமனை ஆற்றில். அகத்திய மலைத் தொடரில் பிறந்து, அருவிக்கரையில் அணைக்கட்டில் தேங்கி, 1933 முதல் நகரத்துக்கே குடிதண்ணீர் தந்து, எங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஓடி, கிள்ளியாற்றையும் சேர்த்துக்கொண்டு, கோவளத்துக்குப் பக்கத்தில் பனத்துறையில் கடலில் கலக்கிற ஆறு. மேலே குடிக்கிறோம், கீழே கொட்டுகிறோம்.

கரமனையிலிருந்து நாகர்கோவில் போகும் ரோட்டோரம் அத்திம்பேருக்கு ஒரு சைவ ஓட்டல். ரூம், லிஃப்ட் எல்லாம் இல்லை. நம் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக்கடைதானே. காலையில் டிபன், மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயந்திரம் காப்பி, உளுந்து வடை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே குப்பைத்தொட்டி இருந்ததாகவே ஓர்மை இல்லை. அரிசி கழுவின தண்ணியும் வடித்த கஞ்சியும் காய்த் தோலும் கழனிப் பானைக்கு. எச்சில் இலை பின்வாசலில் காத்திருக்கும் மாட்டுக்கு. சிரட்டை அடுப்புக்கு. தெருவில் பசு இல்லாமல் போனதும் கார்ப்பரேஷன் லாரி வந்தது. லாரி விளப்பில்சாலைக்குப் போயிற்று.

நகரத்துக் குப்பையை உரமாக்க 2000-ல் விளப்பில்சாலையில் ஆலை தொடங்கினார்கள். உரமானது கொஞ்சம், குவிந்தது மிச்சம். மழையில் அதிலிருந்து ஒழுகிய கறுப்புத் தண்ணீர் மீனம்பள்ளித் தோட்டில் இறங்கி (ஓடையை எங்களூரில் தோடு என்போம்) எந்த ஆற்றில் கலந்தது தெரியுமோ? கரமனை ஆற்றில்தான். நாங்கள் லாரியில் ஏற்றி அனுப்பியது சுற்றிக்கொண்டு எங்களிடமே வந்திருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் வருஷக்கணக்காகப் போராடி, 2011 டிசம்பர் 21 அன்று பஞ்சாயத்து ஆலையைப் பூட்டிவிட்டது. மறுநாளிலிருந்து தலைநகரத்துக் குப்பைக்குப் போக்கிடம் இல்லை. ரோட்டோரமெல்லாம் மூட்டை, அங்கங்கே எரியும் புகை.

நான் லீவில் போனது அடுத்த மாசம். ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைப் பையன் ஸ்கூட்டர் முன்னால் இரண்டு சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போகிறான். பத்தே நிமிஷத்தில் வெறும் ஸ்கூட்டரில் திரும்பி வருகிறான். எனக்குப் புரிந்துவிட்டது. நான் நீச்சல் கற்ற ஆறு! அப்போதுதான் எங்கள் ஓட்டலுக்குச் சுற்றுச்சூழல் சான்றிதழ் வந்து, லாபியில் சட்டம் போட்டு மாட்டி, அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். சும்மா இருப்பேனா?

"அத்திம்பேர், நீங்கோ பண்றது மகா பாவம்" என்று ஆரம்பித்து ஒரு பிரசங்கமே பண்ணினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்பி, நீ பெரிய இன்ஜினீயர் ஆக்கும். உன் ஓட்டல் குப்பையெல்லாம் எங்கே போறது, அதைச் சொல்லு."

"லாரி வந்து எடுத்துண்டு போயிடும்."

"லாரி எங்கே கொண்டு போறது?"

நான் பேசவில்லை.

"எனக்கும் லாரி வந்துண்டுதான் இருந்தது, கேட்டயா. போன மாசம் வரை."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. குப்பையை எடைபோட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். எங்கே போகிறதென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் இரண்டு பேருமாகக் கோவளத்துக்குப் போனோம். காரணம் இருக்கிறது. 2000-ஆம் வருஷ வாக்கில் கோவளத்துச் சுற்றுலாக் குப்பையைச் சமாளிக்க எரியுலை வைக்கப் பேச்சு வந்தபோது, திருவனந்தபுரத்து 'தணல்' அமைப்பு எதிர்த்து நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாமல், 'ஜீரோ வேஸ்ட் கோவளம்' என்று மாற்றையும் கையில் எடுத்தார்கள். சமையலறை மிச்சத்துக்குச் சாண எரிவாயு மாதிரி பயோகேஸ், பிளாஸ்டிக்குக்குப் பதில் சிரட்டையில் சாமான், காகிதப் பை, துணிப் பை. செய்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். எல்லாம் ஜெயித்துவிட்டது என்று சொல்லமாட்டேன், கோவளம் கரையில் இன்றைக்கும் குப்பையைப் பார்க்கலாம். ஆனால் எங்களுக்கு நேர்ந்ததற்குப் பத்து வருஷம் முன்பே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, அதே ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒருவர் யோசித்திருக்கிறார். வீட்டு பயோகேஸுக்காக 2007-ல் ஆஷ்டன் விருது வாங்கிய 'பயோடெக்'கும் எங்கள் திருவனந்தபுரம்தான். நான் துபாயில் உட்கார்ந்து ஜெர்மன் மெஷின் கேட்லாக் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன ஓட்டலின் பின்கட்டில் பயோகேஸ் தொட்டியைப் பார்த்ததும் அத்திம்பேர் கேட்ட முதல் கேள்வி, "நாறுமோ?" இரண்டாவது, "என்ன விலை?"

அந்த மாசமே எங்கள் பின்வாசலிலும் ஒன்று வந்தது. முதலில் சாணம் கரைத்து ஊற்றிச் சில வாரம் ஊறவிட வேண்டும். தெருவுக்குத் தெரு பசு நின்ற கரமனையிலிருந்து, சாணத்துக்காக ஆட்டோ வைத்து நேமம் பக்கம் போனோம். கேஸ் வந்தது, நீல ஜுவாலையைப் பார்க்க அக்ரகாரமே கூடியது. நான் துபாய்க்குத் திரும்பிய கொஞ்ச நாளில் போன்: "அடுப்பு எரியலை. நாத்தம் தாங்கலை. அடுத்தாத்து மாமி பேசறதில்லை." விசாரித்தால், எலுமிச்சைத் தோலும் கல்யாண ஆர்டரில் மீந்த சாதமும் மொத்தமாக உள்ளே போயிருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிரும் நம் வயிறு மாதிரிதான், ஒரேயடியாகத் திணித்தால் புளித்துப்போகும். பத்து நாள் பட்டினி போட்டு, மறுபடி சாணம் ஊற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததும் சரியாயிற்று. புளிப்புத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு இதெல்லாம் ஆகாது. (சைவ ஓட்டலில் முட்டை ஓடு எங்கிருந்து வந்தது என்று அக்கா விசாரணைக் கமிஷன் வைத்தது தனிக்கதை.)

உண்மையைச் சொல்லவேண்டும், அந்த கேஸ் சாயந்திரக் காப்பிக்கும் சாம்பார் சூடுபண்ணவும்தான் போதும். சிலிண்டர் நிற்கவில்லை. வாழை இலை வேறு தகராறு. நார் கரையாமல் மிதக்கும். இலை சுத்தம், மட்கும், நம் பாரம்பரியம் என்று மேடையில் பேசிவிடலாம், தினம் ஒரு குவியல் இலையை நகரத்துக்குள் மட்கவைக்க இடம் வேண்டாமா? எவர்சில்வர் தட்டு என்றால் சுடுதண்ணி, சோப்பு, கழுவ ஆள். கடைசியில் டிபனுக்குத் தட்டு, மத்தியானத்துக்கு மட்டும் இலை என்று வைத்தார். இலையை நறுக்கி, தேங்காய் நார்த்தூளோடு தனித் தொட்டியில் மட்கவிடுகிறார். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது.

ஆனால் பெரிய மாற்றம் தொட்டியில் இல்லை. தொட்டிக்குத் தினமும் அளந்து போடவேண்டியிருந்ததால், மிச்சம் எவ்வளவு என்று முதல் தடவையாகத் தராசில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இலை எடுக்கும்போதே பார்ப்பார். "இன்னிக்கு ஓலனைத் தொட ஆளில்லை." மறுநாள் ஓலன் பாதி அளவு. முதல் தரம் கறி கொஞ்சமாக விளம்புவது, கேட்டால் இரண்டாம் தரம். மாசக் கடைசியில் அரிசி, காய்கறிக் கணக்குக் குறைந்தது. பத்து வருஷம் நான் ரிப்போர்ட் எழுதிய விஷயத்தை அவர் பால்காரன் டைரியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி முடித்திருந்தார்.

துபாய் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் குப்பை லாரியில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அல் குசைஸ் குப்பை மேட்டில் நேற்றைய பஃபே இறங்குவதைப் பார்த்தேன். கையே படாத பிரியாணி, குரோசான்ட், தோல் சீவின பழம். பறவைகள் வந்து அமர்ந்தன. சட்டம் போட்ட சான்றிதழில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதன் பிறகு நான் சமையலறைக்குள் மூக்கை நுழைக்க ஆரம்பித்தேன். செஃப் முதலில் முறைத்தார். பஃபே மூட இன்னும் ஒரு மணி நேரம் என்னும்போது பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டுச் சின்னது வைப்பது, தோசை, ஆம்லெட்டை அப்போதைக்கப்போது போடுவது, தட்டின் அளவைக் குறைப்பது. தட்டு விஷயம் நான் கண்டுபிடித்ததில்லை. நார்வே ஓட்டல்களில் சின்னத் தட்டு வைத்துப் பார்த்ததில் உணவு மிச்சம் சுமார் 20 சதவீதம் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வந்தது, அதை அச்சடித்து ஜெனரல் மேனேஜர் மேஜையில் வைத்தேன். "கெஸ்ட் குறை சொன்னால் நீதான் பொறுப்பு" என்றார். ஒருவரும் சொல்லவில்லை. எழுந்து இன்னொரு தரம் போய் எடுத்துக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் தானாக வந்தது. கேரளம் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டது, மத்திய அரசு 2022 ஜூலையில். கலிஃபோர்னியாவில் 2023 முதல் பெரிய ஓட்டல்கள் குட்டி ஷாம்பு பாட்டில் வைக்கக்கூடாது. இங்கேயும் சுவரில் பெரிய பாட்டில் மாட்டிவிட்டோம். ஊருக்குப் போகும்போது நாம் பெட்டியில் போட்டுக்கொண்டு போவோமே, அந்தக் குட்டி பாட்டில்கள் இனி கிடையாது. மன்னிக்கவும் மக்களே.

அத்திம்பேருக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையை மருமான்தான் பார்க்கிறான். தராசு மட்டும் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வந்தால் சௌக்கியமா என்றெல்லாம் கேட்பதில்லை.

"அம்பி, உங்க பக்கெட் இன்னிக்கு எத்தனை?"

"ஒரு தலைக்கு நூத்துப்பத்து கிராம், அத்திம்பேர்."

"எனக்கு நாப்பது. அவியல் ஒரு துளி மிச்சமில்லை, கேட்டயா." சொல்லிவிட்டு அக்காவிடம் போனைக் கொடுத்துவிடுவார்.