எட்டுச் சக்கர எருமை

எங்கள் ஊரான திருமுல்லைவாயிலின் தல புராணம் ஒரு வாகனத் தகராறில் ஆரம்பமாகிறது. குறும்பர்களை அடக்கப் புறப்பட்ட தொண்டைமான் மன்னன் யானை மீது ஏறி வந்தான். வழியோ காட்டு வழி. முல்லைக் கொடிகள் யானையின் காலைச் சுற்றிக் கொண்டன. யானை ஓர் அடிகூட நகரவில்லை. மன்னன் வாளை உருவிக் கொடிகளை வெட்டினான். வெட்டிய இடத்தில் இரத்தம் பீறிட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், அங்கே சிவலிங்கம்! அன்று பட்ட வாள் தழும்புடன்தான் மாசிலாமணீசுவரர் இன்றும் எழுந்தருளியிருக்கிறார் என்பது ஐதிகம்.

பக்தர்கள் இதில் இறைவனின் கருணையைக் காண்பார்கள். பத்திரிகைக்காரனாகிய எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. காட்டிலும் மேட்டிலும் சேற்றிலும் ஆற்றிலும் தடையில்லாமல் போகும் ஒரு வாகனம் வேண்டும் என்று மனிதன் ஆதிகாலம் முதல் ஆசைப்பட்டு வந்திருக்கிறான். யானையைவிடச் சிறந்தது அவனுக்கு அகப்படவில்லை. அந்த யானையும் ஒரு பூங்கொடியிடம் தோற்றது!

யந்திர யுகம் வந்த பிறகும் இந்த ஆசை மனிதனை விடவில்லை. ஆஸ்திரேலியாக்காரரான பென் கார்லின் இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்திய ராணுவத்தில் பணி புரிந்தவர். 1946-ல் வங்காளத்தில் ஒரு விமான தளத்தில், தண்ணீரிலும் செல்லக்கூடிய ஃபோர்டு ஜீப் ஒன்றைப் பார்த்தார். "இதிலேயே உலகத்தைச் சுற்றி வரலாமே!" என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சாதாரண மனிதர்களுக்கு இப்படித் தோன்றினால் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்துக் கொள்வார்கள். கார்லின் புறப்பட்டே விட்டார். 1950-ல் மனைவியுடன் அந்த ஜீப்பில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் இறங்கினார். 1958-ல் உலகத்தைச் சுற்றி முடித்தார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'பாதிப் பத்திரம்' என்று பொருள்படும் 'ஹாஃப் சேஃப்'.

அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸனிடம் 'ஆம்ஃபிகார்' என்ற ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. டெக்ஸாஸில் உள்ள தம் பண்ணைக்கு வரும் விருந்தாளிகளை அதில் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரைச் சரிவில் வேகமாக இறங்குவாராம். "ஐயோ, பிரேக் பிடிக்கவில்லையே!" என்று கத்துவாராம். விருந்தாளிகள் அலறி முடிப்பதற்குள் கார் நீரில் மிதக்க ஆரம்பித்துவிடும். ராஜாங்கக் கவலைகளுக்கு நடுவே அவருக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு!

இதையெல்லாம் படித்திருந்தேனே ஒழிய, அம்மாதிரி வண்டியை நானே ஓட்டுவேன் என்று நினைத்ததில்லை. சமீபத்தில் அப்பாவை அழைத்துக்கொண்டு கனடாவில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். டொரான்டோவுக்கு வடக்கே, காடும் குட்டைகளும் நிறைந்த பெரிய பண்ணை ஒன்றில் இத்தகைய வண்டிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று மாமா சொன்னார். வழிகாட்டி ஒருவர் முன்னால் தம் வண்டியில் போவார். நாம் பின்னால் நம் வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். "பத்திரிகைக்கு விஷயம் ஆச்சு, வாங்க" என்றார் மாமா.

அப்பா உடனே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆவடியில் 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் 'டாங்கி ஃபாக்டரி' என்றுதான் சொல்லுவோம். 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்துதான் வெளிவந்தது. பின்னாளில் 'அஜேயா' என்று பெயர் பெற்ற டி-72 டாங்கிகளும் அங்கே தயாராயின. அப்பா அந்தத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர். எத்தனையோ டாங்கிகளுக்கு நட்டும் போல்ட்டும் முடுக்கியிருக்கிறார். ஆனால் ஒரு டாங்கியையாவது பத்து அடி தூரம் ஓட்டியதில்லை. ஓட்டிப் பார்ப்பதற்குத் தனி ஆட்கள் உண்டு. முடுக்கிய கை வேறு. ஓட்டுகிற கை வேறு. பெண்ணை வளர்த்துக் கல்யாணம் செய்து கொடுத்தவர் ரெயிலடியில் நிற்பதுபோல், ஒவ்வொரு டாங்கியும் வாசலைத் தாண்டிப் போவதை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாராம்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா மோட்டார் கார் ஓட்டக் கற்று லைஸென்ஸும் வாங்கினார். பிறகு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் தடை ஒன்றும் சொல்லவில்லை. தடை சொன்னவள் அக்கா. டெலிபோனிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க சும்மா உட்கார்ந்துதான் வரணும். தம்பி ஓட்டுவான்" என்றாள் இப்போதும்.

"சரிம்மா" என்றார் அப்பா. அந்தச் 'சரி'யில் ஓர் உற்சாகமும் இல்லை.

பண்ணையில் எங்களை வரவேற்ற வழிகாட்டி ஐம்பது வயது அம்மாள். ரப்பர் பூட்ஸும் வெயில் தொப்பியுமாக வந்தார். வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய குளிக்கும் தொட்டிக்கு இரு பக்கமும் நாலு நாலு குண்டுச் சக்கரங்கள் வைத்தாற்போல் இருந்தது. அந்த ஒன்டாரியோ மாகாணத்திலேயே நியூ ஹாம்பர்க் என்ற ஊரில் 1967 முதல் 'ஆர்கோ' என்ற பெயரில் இத்தகைய வண்டிகள் செய்கிறார்கள். காடு, சதுப்பு நிலம், பனி எல்லாவற்றிலும் வேலை செய்கிறவர்களுக்கு இவை பெரிய உதவி.

அந்த அம்மாள் சொன்ன பாடம் இது. உடல் பிளாஸ்டிக்கில் வார்த்த தொட்டி. அதனால் படகு மாதிரி மிதக்கும். டயர்களில் காற்று மிகக் குறைவு. காரின் டயர் கல்லுப் போல் இருக்கும். இதுவோ விரலால் அழுத்தினால் அமுங்கும். அதனால்தான் சேற்றில் புதைவதில்லை. தண்ணீருக்கென்று தனி யந்திரம் கிடையாது. டயரின் வரிகளே துடுப்புப் போல் நீரைத் தள்ளும். வேகம், ஆள் நடக்கிற வேகந்தான். தரையில் ஆறு பேர் ஏறலாம். தண்ணீரில் நாலு பேர்தான். "மிகவும் முக்கியமானது இது" என்று சொல்லிக் குனிந்து, வண்டியின் அடியிலிருந்த நீர் வடிகிற துளைகளின் அடைப்பான்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று திறந்திருந்தாலும் குளிக்கும் தொட்டி நிஜமாகவே குளிக்கும் தொட்டியாகிவிடும்!

எங்கள் எல்லோருக்கும் மிதவை அங்கி மாட்டினார்கள். நான் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அப்பா. பின்னால் அக்காவும் மாமாவும். ஸ்டியரிங் சக்கரம் இல்லை. சைக்கிளுக்கு இருப்பதுபோல் கைப்பிடி. கட்டை விரலால் ஒரு விசையை அழுத்தினால் வண்டி நகரும். கைப்பிடியை இடது பக்கம் திருப்பினேன். வண்டி வெடுக்கென்று இடது பக்கம் சுழன்றது. அக்கா "சிவ சிவா!" என்றாள்.

"சக்கரம் திரும்பலேடா, கவனிச்சியா?" என்றார் அப்பா. அவர் குரலே மாறியிருந்தது. "எட்டுச் சக்கரமும் நேராவேதான் நிற்குது. இடது பக்கத்துச் சக்கரங்களைப் பிடிச்சு நிறுத்தினா, வலது பக்கத்துச் சக்கரங்கள் ஓடி வண்டியைத் திருப்பிடும். நம்ம டாங்கியும் இப்படித்தான். அதிலே சங்கிலி, இதிலே டயர்."

காட்டு வழியில் அரை மணி நேரம் போனோம். வேர்களின் மேல் ஏறி, பள்ளத்தில் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் எருமை போல் புரண்டு போயிற்று வண்டி. அவசரம் கிடையாது, அலட்டல் கிடையாது, தண்ணீரைக் கண்டால் மட்டும் இறங்காமல் விடாது. ஆகவே நான் அதற்கு மனத்துக்குள் வைத்த பெயர் 'எட்டுச் சக்கர எருமை'.

குட்டைக் கரையில் வழிகாட்டி அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினார். "கரைக்கு நேராக இறங்குங்கள். சாய்வாக இறங்கினால் கவிழும். இறங்கும்போது மெதுவாக, ஏறும்போது நிறுத்தாமல்!" என்றார். எருமை மூக்கைத் தாழ்த்தியது. தண்ணீர் முன்பக்கம் மோதியது. சக்கரத்தின் கீழே தரை இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது... இல்லை! வாசகர்களே, அந்த ஒரு நொடியில் வயிற்றில் ஏற்படும் குளிர்ச்சியை எழுதிக் காட்ட முடியாது. மறு நொடி வண்டி லேசாக ஆடிக்கொண்டு மிதந்தது.

"தான் விலக்குகிற தண்ணீரின் எடை தன் எடைக்குச் சமமாயிட்டா எதுவும் மிதக்கும்" என்றார் அப்பா, பின்பக்கம் கேட்கும்படி. "நம்ம அஜேயா நாற்பத்தோரு டன். மிதக்காது. மூச்சுக் குழாய் மாட்டிக்கிட்டு அஞ்சு மீட்டர் ஆழத்திலே ஆற்றின் அடித்தரையிலேயே போகும். ஆனா ரஷ்யாக்காரன் செய்த பி.டி.-76 பதினாலு டன்தான், உடம்பு பெரிசு. அது மிதக்கும். நம்ம சிப்பாய்கள் அதுக்குப் 'பிப்பா'ன்னு பேர் வச்சாங்க. காலி நெய் டின்னுக்குப் பஞ்சாபியிலே பிப்பா!"

1971 நவம்பரில் கிழக்கு வங்காளத்து கரீப்பூரில் நடந்த சண்டையில் 45-வது குதிரைப் படையின் பதினாலு பிப்பாக்கள் எதிரி டாங்கிகளை முறியடித்தன. அந்தக் கதை 2023-ல் 'பிப்பா' என்ற ஹிந்திப் படமாகவும் வந்தது. சங்கீதம் நம் ஏ. ஆர். ரஹ்மான்.

அக்கரையில் இளைப்பாறும்போது வழிகாட்டி அம்மாள் அப்பாவின் பூர்வோத்தரத்தை விசாரித்தார். மாமா மொழிபெயர்த்தார். "முப்பத்தெட்டு வருஷம் டாங்கி செய்தவரா? லைஸென்ஸ் இருக்கிறதா? பின்னே ஏன் ஓட்டவில்லை?" என்று அந்த அம்மாள் கேட்டார். மாமா இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை, அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா குட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கடைசியில், "மெதுவாப் போங்கப்பா" என்றாள்.

நான் எழுந்து இடம் மாறினேன். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஓட்டினார். நான் ஓட்டியபோது வாத்துப் போல் ஆடிய வண்டி, அவர் கையில் தேர் போல் அசைந்து திரும்பியது. எந்தப் பக்கத்தை எவ்வளவு பிடித்தால் எவ்வளவு திரும்பும் என்பதை அவர் கை முன்பே அறிந்திருந்தது.

குட்டையின் நடுவில் நீர்க் கொடிகள் அடர்ந்திருந்தன. சக்கரங்கள் சுழன்றன, வண்டி நின்றது. கொடிகள் அச்சைச் சுற்றிக்கொண்டு விட்டன! அக்கா என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. முன்னால் சென்ற அம்மாள் திரும்பிப் பார்த்துக் கயிற்றை எடுத்தார். அப்பா வேண்டாம் என்று கையசைத்தார். விசையை விட்டார். ஒரு மூச்சு விட்டார். வண்டியைப் பின்பக்கமாக மெல்லச் செலுத்தினார். சுற்றிய கொடி சுற்றிய வழியே அவிழ்ந்து மிதந்து போயிற்று. தொண்டைமானிடம் வாள் இருந்தது. அப்பாவிடம் ரிவர்ஸ் கியர் இருந்தது!

கரையேறிய பிறகு அக்கா ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தாள். அவ்வளவுதான்.

இந்த வேடிக்கை விளையாட்டில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளக்காடாகக் கிடந்த இரவு. எங்கள் தெருவின் தாழ்ந்த பக்கத்தில் இடுப்பளவு தண்ணீர். மேட்டில் கணுக்கால் அளவு. அண்டை வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை. லாரி வந்தது, தாழ்வில் இஞ்சின் நின்றுவிட்டது. படகு வந்தது, மேட்டில் தரை தட்டிவிட்டது. லாரிக்குத் தண்ணீர் அதிகம். படகுக்குத் தண்ணீர் போதவில்லை. கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் அப்பாவும் ஒருவர். தாயும் சேயும் பிழைத்தார்கள் என்றாலும், அன்றைய அந்த ஒரு மணி நேரம் எங்கள் தெருவுக்கு மறக்கவில்லை.

வெள்ளம் படகுக்கோ லாரிக்கோ ஏற்றபடி ஒழுங்காக வருவதில்லை. இரண்டும் ஒன்றான வண்டிதான் அதற்குப் பதில். நம் ராணுவம் 'ஆட்டர் என்-1200' என்ற பூதாகாரமான நாலு சக்கர வண்டிகளை வாங்கியிருக்கிறது. ஆளுயரச் சக்கரங்கள், மிதக்கும். 2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தில் அவை ஜனங்களை மீட்டதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஏரிகள் சூழ்ந்த எங்கள் பக்கத்துத் தாலுகா ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திரும்பி வரும்போது காரில் அப்பா வெகு நேரம் மௌனமாக இருந்தார். வண்டி ஓட்டிய சந்தோஷத்தை அசை போடுகிறார் என்று நினைத்தேன்.

"தண்ணியிலே நாலு பேர்தான்னு சொன்னாங்க இல்லே?" என்றார் திடீரென்று.

"ஆமாம்ப்பா."

"ஓட்டறவன் போக மூணு பேர். அன்னிக்கு அந்த வீட்டிலே மொத்தம் ஏழு பேர்." விரல் விட்டு எண்ணினார். "மூணே நடைடா. பொண்ணு முதல் நடையிலேயே போயிருக்கும்."