பிரேக் கட்டை

எங்கப்பா சைக்கிளில் பின்சக்கரத்து ரிம்மு உள்பக்கமாகத் தேய்ந்திருக்கும். விரல் வைத்தால் பள்ளம் தெரியும். போக்ஸ் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு கோடு, மாட்டுவண்டித் தடம் மாதிரி. மற்ற இடத்தில் வெள்ளி மினுக்கு கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தக் கோட்டில் மட்டும் துரு.

அது பழைய 28 அங்குல சைக்கிள். ஒயர் கிடையாது, கம்பி பிரேக்குதான். ஹேண்டிலில் அழுத்தினால் கம்பி இழுத்துக் கட்டையை ரிம்மின் உள்முகத்தில் கொண்டுபோய் அமுக்கும். ரப்பர் போய் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பீர்கள். தேய்க்கும். ரப்பர் தனியாகத் தேய்க்காது, மண்ணைக் கூட்டு சேர்த்துக்கொண்டு தேய்க்கும். அப்பா செங்கல் சூளைக்குப் போனவர். சூளை மண்ணும் ஏரிக்கரை மணலும் ஈரத்தோடு ரிம்மில் ஒட்டும். பிரேக் பிடித்தால் மணல் ரப்பரில் பதியும். அப்புறம் அது கட்டை இல்லை, உப்புத்தாள். முதலில் முலாம் போகும். உள்ளே இரும்பு தெரிந்ததும் துரு ஏறும். அந்தச் சொரசொரப்பு திருப்பிக் கட்டையைத் தின்னும். கட்டையும் தீர்ந்துபோனால் அதைப் பிடித்திருக்கிற தகடே நேராக ரிம்மில் உரசும்.

வாரம் ஒருதரம் ரிம்மைத் துணியால் துடைத்து, கட்டையில் ஏறின மணலை ஊசியால் நோண்டி எடுத்தால் வண்டி ரொம்ப நாள் வரும். விடியுமுன்னே போய் இருட்டித் திரும்புகிறவருக்கு அதுக்கெல்லாம் ஏது பொழுது? புதுக் கட்டை வாங்குவதையும் தள்ளிப்போடுவார். பழைய டயரை அறுத்துச் சொருகிக்கொள்வார்.

சூளைக்குப் போகிற எல்லார் வண்டிக்கும் இதே கதிதான். எங்கள் காலனி வண்டிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. தார்ரோட்டுக்கு வரவேண்டுமானால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வரவேண்டும். தெருமுனை வேப்பமரத்துக்கிட்ட பிரேக் போட்டு இறங்கி, கோயிலைத் தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அப்புறம்தான் ஏறலாம். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம். மணியும் அடிக்கக் கூடாது.

எம்.ஏ. வகுப்பில் அகநானூறு நடத்தினார்கள். பூவில் தேன் குடிக்கிற வண்டு மிரளக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிற தலைவன் ஒருத்தன் அதில் வருகிறான். வகுப்பே சொக்கிப்போனது. எனக்கு, கட்டைவிரல் மணிமேல் பட்டுவிடாமல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அப்பா நடந்ததுதான் ஞாபகம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டுகள் இல்லை.

மணியை அடக்கலாம், தேய்ந்த பிரேக்கை அடக்க முடியாது. வேப்பமரத்துக்கிட்ட கிரீச்சென்று கத்தும். "வர்றாண்டா சூளைக்காரன்" என்று திண்ணையிலிருந்து ஒரு பொடியன் சொல்லுவான். அவனுக்கு என் வயசு.

2006இல் பதினோராம் வகுப்பில் எனக்கு அரசாங்கச் சைக்கிள் கிடைத்தது. அப்பா பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "நல்லாப் புடிக்குது. தெருமுனையில எறங்கிடு கண்ணு" என்றார். மறைக்க ஒன்றுமில்லை, மூன்று மாதம் இறங்கித்தான் தள்ளிக்கொண்டு போனேன். அரையாண்டுப் பரீட்சை அன்றைக்கு நேரமாகிவிட்டது, இறங்கவில்லை. அதில் வீரம் ஒன்றுமில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அது வேணுமென்றே செய்தது.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாடா, உம் பொண்ணுக்கு எறங்கத் தெரியாதா?"

அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "புது வண்டிங்க. பிரேக் புடிக்கலீங்க."

சிரித்துவிட்டார்கள். "சரி பண்ணிக் குடு, போ" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ஏம்ப்பா பொய் சொன்ன, நல்லாத்தானே புடிக்குது என்று அழுதேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "சரி பண்றேன்னு நான் சொல்லலியே" என்றார்.

அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. அப்பா சாகிற வரைக்கும் இறங்கினார். அது கோழைத்தனம் என்று பல மேடைகளில் நானே பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச வாய் வருவதில்லை.

தீண்டாமையின் பேரால் பொதுப்பாதையைத் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் வருஷத்துச் சட்டமே சொன்னது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறிப்போவதைத் தடுப்பது என்று வண்டியின் பேரையே போட்டு எழுதினார்கள். 2016 ஜனவரி 26இல் அமலுக்கு வந்தது. கூட்டத்தில் இந்தப் பிரிவை வாசித்தால் காலேஜ் பிள்ளைகள் "சைக்கிளுக்கா?" என்று சிரிக்கிறார்கள்.

போன வருஷம் அப்பா வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் பின் ரிம்மில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "கோட்டம் எடுத்தாத் தாங்காதும்மா, மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். பழசை எடைக்குப் போட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாமென்று வாங்கிவந்துவிட்டேன். கூட்டத்துக்குப் போகும்போது தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். புது ரிம்மை ஞாயிற்றுக்கிழமைதோறும் துணியால் துடைத்துவிடுகிறேன்.