இலையைத் திருப்பி வைக்கும் கைகள்

பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீர்மலை என்றதும் தைப்பூசமும் காவடியும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சாலையிலேயே கோயில்களைத் தாண்டிப் போனால் தாவரவியல் பூங்கா. பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கியது அது. பூங்காவைச் சூழ்ந்து மேலேறும் பினாங்கு மலைக்காட்டை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் நான், ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு பல்கலைக்கழகத் தாவரவியல் குழுவோடு அந்தக் காட்டில் வேலை செய்தேன். செடிகளைச் சேகரித்து, அழுத்தி, உலர்த்தி, ஹெர்பேரியத் தாளாக்கும் வேலை.

அனுமதி பெற்ற எல்லைக்குள் மட்டுமே வெட்டலாம். எங்களுக்கு வழிகாட்டியவர் மலையடிவாரத்துக் கம்பம் (கிராமம்) ஒன்றைச் சேர்ந்த பெரியவர். பூவோ காயோ இல்லாத கிளையை அவர் தொடவே மாட்டார். இனத்தை உறுதியாகச் சொல்ல அவைதான் வேண்டும் என்பது பட்டம் எதுவும் இல்லாத அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவுவார். பால் வடிகிறதா, என்ன நிறம், எப்படி மணக்கிறது என்று பார்த்துச் சொல்லுவார். நான் குறிப்பேட்டில் எழுதுவேன்.

ஒருநாள் மகாங் மரத்தின் கிளை ஒன்றை வெட்டி என் கையில் தந்தார். தண்டிலிருந்த சிறு துளைகள் வழியே எறும்புகள் குபுகுபுவென்று வெளியேறி மணிக்கட்டுவரை ஏறிவிட்டன. மகாங்கின் சில இனங்கள் உள்ளீடற்ற தண்டில் எறும்புகளைக் குடிவைக்கின்றன. சத்துள்ள சிறு வெள்ளை மணிகளை உண்டாக்கி உணவும் தருகின்றன. பதிலுக்கு எறும்புகள் இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன. சுற்றவரும் கொடிகளையும் கடித்துத் தள்ளுகின்றன. இந்த உறவைப் பாடநூலிலிருந்து பல வருடங்களாக நடத்தியிருக்கிறேன். கை எரிய எரிய, ‘தண்டு உள்ளீடற்றது, எறும்பு உண்டு, ஓடைக்கரை, மரம் சுமார் எட்டு மீட்டர்’ என்று எழுதியபோதுதான் அதன் முழுப்பொருள் விளங்கியது. கிளை காய்ந்தபின் எறும்பு இருக்காது, மணம் இருக்காது, பூவின் நிறமும் மாறிவிடும், மரத்தின் உயரமும் தெரியாது. அந்த இடத்திலேயே எழுதாவிட்டால் அவ்வளவும் போய்விடும்.

காட்டில் பாதி வேலைதான். இந்த ஈரக்காற்றில் வெட்டிய கிளை சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் செய்தித்தாளில் மடித்து, ஸ்பிரிட் தெளித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவருவோம். பிறகு செய்தித்தாள், ஒற்றுத்தாள், அலையலையான அட்டை என்று அடுக்கி, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கி, அடுப்பில் மிதமான சூட்டில் நாட்கணக்கில் உலர்த்த வேண்டும். உலர்த்தும் அறையின் பொறுப்பாளரான அக்கா, நான் அடுக்கியதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். “டீச்சர், ஒரு இலையையாச்சும் திருப்பி வைங்க. அடிப்பக்கம் தெரியலன்னா பாதிச் செடிதான் இருக்கு” என்றார். நரம்பும் ரோமமும் சுரப்பிகளும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும். உலர்ந்த கிளையைத் தடித்த தாளில் வைத்து, நூலால் தைத்து, உதிர்ந்த விதைகளைச் சிறு காகித உறையில் போட்டு ஓரத்தில் ஒட்டுவார். பூச்சி அரிக்காமல் இருக்க, உறைபெட்டியில் சில நாள் வைத்த பிறகே அலமாரிக்குப் போகும்.

இப்படிச் செய்த தாள் எத்தனை காலம் நிற்கும் என்பதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் நத்தானியேல் வாலிச் 1822இல் இங்கே வந்தார். அவரோடு வந்த ஜார்ஜ் போர்ட்டர் இங்கேயே தங்கி, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஆசிரியராக இருந்துகொண்டே அன்றைய தாவரத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். அந்தத் தோட்டம் 1834இல் விற்கப்பட்டது. ஆனால் அந்தப் பள்ளி ஆசிரியர் சேகரித்த பினாங்குச் செடிகள், வாலிச்சின் தொகுப்பில் லண்டன் கியூ தோட்டத்தில் இன்றும் இருக்கின்றன. கர்ட்டிஸும் இந்த மலையில் நடந்து நடந்து சேகரித்து, 1894இல் பினாங்கின் காட்டுத் தாவரப் பட்டியலை வெளியிட்டார். இன்று ஒரு செடி இங்கே அருகிவிட்டதா என்று கேட்டால், அந்தப் பழைய தாள்களையும் பட்டியலையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அந்தக் காலத்துத் தாள்களில் ஒட்டிய சீட்டுகளில் சேகரித்தவர் பெயர் இருக்கும். மரமேறியவர், சுமந்தவர், உலர்த்தியவர் பெயரை அரிதாகத்தான் பார்க்க முடியும். எங்கள் குழுவின் சீட்டுகளில் கம்பத்துப் பெரியவரின் பெயரும் சேகரித்தவர் வரிசையில் அச்சாகியிருக்கிறது. அது சலுகை இல்லை; அவருக்குச் சேர வேண்டியது.

பள்ளி திறந்தபின் என் வகுப்பில் ஓர் ஒழுங்கு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் செடியின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் பண்புகளைச் சொல்வேன். இப்போது பிள்ளைகள் முதலில் பள்ளி வளாகத்துச் செடி ஒன்றைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, இடமும் தேதியும் போட்டு எழுத வேண்டும். இலையின் இரண்டு பக்கத்தையும் வரைய வேண்டும். பெயர் கடைசியில்தான். பரீட்சைக்கு இது நேரடியாக உதவாமல் போகலாம். ஆனால் கண்ணால் கண்டதை உடனே, உள்ளபடி எழுதும் பழக்கம் எந்த அறிவியலுக்கும் அடிப்படை. ஆசிரியர்களுக்கு விடுமுறையில் இப்படி ஆய்வில் கைநனைக்கும் வாய்ப்பைப் பல்கலைக்கழகங்கள் தவறாமல் தர வேண்டும். ஓர் ஆசிரியர் கையால் கற்றது ஆண்டுதோறும் ஒரு வகுப்புக்கே போய்ச் சேரும்.