வருவாராம்

முதல் நாள், இரவு

மாமாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ஐந்து வயது மகள் எட்டிப் பார்த்து, "தாத்தா ஏன் எழுந்திருக்கல?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்றுவிட்ட பெரியம்மா முந்திக்கொண்டார்: "தூங்குறாருடா கண்ணு." நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நாலு மணிக்கு எடுத்தாயிற்று. இப்போது மணி பதினொன்று. படுக்க மாட்டேன் என்கிறாள். "தூங்கினா என்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

மூன்றாம் நாள்

தெருமுனை பேனரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: இறைவனடி சேர்ந்தார். "சாமி காலுக்குக் கீழயா இருக்காரு? மிதிச்சிட மாட்டாரா?" காலமானார், தவறிட்டார், இயற்கை எய்தினார். நம்மிடம் இத்தனை சொற்கள் இருப்பது, செத்தார் என்று சொல்லாமல் தப்பிக்கத்தான்.

ஐந்தாம் நாள்

ஹங்கேரிக் குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு மரியா நாகி எழுதிய ஆய்வு 1948-இல் வந்தது. ஐந்து வயதுக்குள் சாவு என்பது தூக்கம் மாதிரி, ஊருக்குப் போவது மாதிரி, திரும்பி வரலாம். குழந்தை தானாகவே அப்படித்தான் நினைக்கும். நாங்கள் அதற்கு உரம் வேறு போட்டிருக்கிறோம். அமெரிக்காவின் 'ஸெசமி ஸ்ட்ரீட்' தொடரில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்தபோது, அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. ஹூப்பர் செத்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரிய மஞ்சள் பறவைக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். 1983-இல்.

இரவு நானும் சொன்னேன். "தாத்தா செத்துட்டார். மூச்சு நின்னுபோச்சு. இனி பசிக்காது, வலிக்காது. வரமாட்டார். தூங்குறவங்க காலைல எழுந்துடுவாங்க, நீயும்தான்."

"நீயும் செத்துடுவியா?"

"ஒருநாள். ரொம்ப வருஷம் கழிச்சுன்னு நினைக்கிறேன்."

கொஞ்ச நேரம் என் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். தூங்கிவிட்டாள்.

பதினாறாம் நாள்

அத்தை மதிலில் சோறு வைத்துக் கூப்பிட்டார். காக்கை வந்தது. பதினாறு நாளில் அத்தை முகம் தெளிந்ததை இன்றுதான் பார்த்தேன். மகள் என் பக்கம் திரும்பினாள்: "அது தாத்தாவா?"

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அத்தையுடையதைப் பிடுங்கவும் மனமில்லை. "தாத்தா காக்காயா வருவாராம். பாட்டி நம்புறாங்க. எனக்குத் தெரியல. ஆனா சோறு வைக்கப் பிடிக்குது."

'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த 'ஆம்' புதிதல்ல. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்க தாத்தா செத்துட்டாரு. காக்காயா வருவாராம்."