மோட்டார் வண்டியும் பகுத்தறிவும்

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. செலவிட வேண்டிய இடத்திற் செலவிடாதவன் கருமி. வீணாகும் பொருளை வீணாகாமற் காப்பவனே சிக்கனக்காரன். திருமணத்தில் வீண் செலவு, திருவிழாவில் வீண் செலவு, மதுக்கடையில் வீண் செலவு என்று மேடைதோறும் எடுத்துரைப்பார் நம்மிடையே பலருளர். நாமும் கேட்டுத் தலையசைத்து வருகிறோம். ஆயின், நம் வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார் வண்டி நாள்தோறும் விழுங்கும் வீண் செலவை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்ஙனம் எண்ணிப் பாராதவருள் நானும் ஒருவனாயிருந்தேன். என் அறியாமையை நானே எடுத்துக் கூறுவது பிறருக்குப் பயன்படுமெனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

என் தொழில் கணக்கெழுதுவது. செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் எத்தனை மூட்டை உரம் வந்தது, டிராக்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் சென்றது என்பதையெல்லாம் ஒரு லிட்டரும் பிசகாமல் ஏட்டிற் பதிபவன். ஆனால், என் சொந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எவரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

2023ஆம் ஆண்டில், மாதம் முடியுமுன்னே சம்பளம் முடிவதைக் கண்டு, பெட்ரோல் ரசீதுகளையும் பட்டறைச் சீட்டுகளிற் குறித்திருந்த ஓட்டக் கணக்கையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். முந்திய ஆண்டு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடிய வண்டி, அப்போது 10 கிலோமீட்டரே ஓடிற்று. மாதம் 1,300 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு 100 லிட்டர் போதுமாயிருந்த இடத்தில் 130 லிட்டர் வேண்டியதாயிற்று. அந்நாளில் ஆர்ஓஎன் 95 பெட்ரோல் லிட்டர் 2 ரிங்கிட் 5 காசு. எனவே மாதந்தோறும் 61 ரிங்கிட் 50 காசு புகையாய்ப் போயிற்று. என் மகள் சனிக்கிழமைதோறும் பட்டணத்திற் படிக்கும் தனி வகுப்பின் கட்டணத்தைவிட இஃது அதிகம். பணம் போதாதென்று அவ்வகுப்பை நிறுத்திவிடலாமா என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருந்த மாதம் அது.

நோய் தெரிந்தது. படித்தவனாகிய நான் தேடிய மருந்து யாது? இரவுச் சந்தையில் ஒருவர் ஒரு காந்தக் கட்டையை விற்றுக்கொண்டிருந்தார். பெட்ரோல் குழாயின்மேல் அதனைப் பொருத்தினால் பெட்ரோலின் அணுக்கள் வரிசையாகி முற்றும் எரியுமென்றும், நூற்றுக்கு முப்பது பங்கு மிச்சமாகுமென்றும் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தமையால் நான் நம்பினேன். 90 ரிங்கிட் கொடுத்து வாங்கிப் பொருத்தினேன். அடுத்த மாதமும் வண்டி 10 கிலோமீட்டரே ஓடிற்று.

அவ்வாண்டு ஆயுத பூசையன்று தோட்டத்து வண்டிகளையெல்லாம் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். என் வண்டிக்கும் எங்கள் டிராக்டர் ஓட்டுநர் அன்போடு அவ்வாறே செய்தார். வயதில் மூத்தவர், அவரை அண்ணன் என்றே அழைப்பேன். "அண்ணே, பழத்தை நசுக்கினால் பெட்ரோல் மிச்சமாகுமா?" என்று நகைத்துக் கேட்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. "பெட்ரோல் அதிகமாய்க் குடிக்கிறதா ஐயா? அப்படியானால் பட்டணம் போய்த் திரும்பியதும் என்னைக் கூப்பிடுங்கள்" என்றார்.

மறுநாள் பட்டணத்திலிருந்து திரும்பியதும் அவரை அழைத்தேன். அவர் சக்கரங்களைத் தொடவில்லை; ஒவ்வொன்றின் அருகிலும் உள்ளங்கையை நீட்டி வெப்பத்தைப் பார்த்தார். "மூன்று சக்கரம் சும்மா இருக்கிறது ஐயா. முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் கொதிக்கிறது. பிரேக் விடவில்லை" என்றார். பிறகு டயர்களில் அளவுகோலை வைத்துப் பார்த்தார். வண்டி ஓடிச் சூடேறிய நிலையிலும் 24 பவுண்டு காற்றே இருந்தது. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டோ, குளிர்ந்த டயரில் 30 இருக்க வேண்டுமென்றது. பத்தாண்டுகளாய் அக்கதவைத் திறந்து மூடியவன் நான். ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த அந்தச் சீட்டை ஒருநாளும் படித்தேனில்லை!

மறுநாளே பட்டறைக்குச் சென்றேன். சக்கரத்தைக் கழற்றியபோது என் உடல் நடுங்கிற்று. பிரேக் பேடை விடுவிக்கும் பாகத்திற் சேறும் துருவும் ஏறி இறுகிப் போயிருந்தமையால், காலை எடுத்த பின்னும் பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேயிருந்தது. எஞ்சின் முன்னே தள்ள, பிரேக் பின்னே இழுக்க, இரண்டிற்கும் நடுவே என் பெட்ரோல் வெப்பமாய் வீணாகியது. பேடு ஒருபுறம் இரும்புவரை தேய்ந்திருந்தது. இப்படியே நெடிய இறக்கத்தில் ஓட்டினால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதித்தாலும் வண்டி நில்லாத நிலை வரலாமென்று பட்டறைக்காரர் சொன்னார். அவ்வண்டியில்தான் சனிக்கிழமைதோறும் என் மகளையும் லயத்துப் பிள்ளைகள் நால்வரையும் ஏற்றிச் சென்றேன். காசுக் கணக்குப் பார்க்கப் போன இடத்தில் ஐந்து பிள்ளைகளின் உயிர்க் கணக்கு வெளிப்பட்டது.

மற்றொரு குற்றமும் இருந்தது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்குப் பல மாதங்களாய் எரிந்துகொண்டிருந்தது. பழைய வண்டிக்கு அது வழக்கமென்று இருந்துவிட்டேன். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்கருவி பழுதாகியிருந்தது. எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ எஞ்சினின் கணினிக்குச் செய்தி சொல்வது அதுதான். அது பொய் சொன்னால் எஞ்சின் வேண்டாத பெட்ரோலைக் குடிக்கும். கடுமையான பழுதானால் இதனைச் சரிசெய்வதாலேயே லிட்டருக்கு ஓடும் தூரம் நூற்றுக்கு 40 பங்குவரை உயரக்கூடுமென்று அமெரிக்க எரிசக்தித் துறை கணித்திருக்கிறது.

இவ்விடத்தில் நேயர்கள் அளவறிந்து நம்ப வேண்டும். டயரில் 1 பவுண்டு காற்றுக் குறைந்தால் நூற்றுக்கு 0.2 பங்குதான் வீண். 6 பவுண்டு குறைந்தால் ஒன்றரைப் பங்குகூட ஆகாது. உற்பத்தியாளர் குறித்த தரத்து எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் 1 முதல் 2 பங்கு மிச்சம். பின்பெட்டியில் வீணே கிடக்கும் 45 கிலோ சுமையை இறக்கினால் ஏறக்குறைய 1 பங்கு. எஞ்சினை ஓடவிட்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றால் வண்டிக்கேற்ப 1 முதல் 2 லிட்டர் வரை வீண். தனித்தனியே பார்த்தால் இவை அற்பம். ஆண்டு முழுதும் கூட்டினால் அற்பமல்ல.

பட்டறை வழக்கங்களையும் நாம் சோதித்தே கொள்ள வேண்டும். அழுக்கடைந்த காற்று வடிகட்டியை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமென்பது கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்குப் பொருந்திய உண்மை. கணினியால் பெட்ரோலைப் பீய்ச்சும் இக்கால வண்டிகளில் அதனால் மிச்சம் ஏதுமில்லை. வேகமெடுக்கும் திறன் மட்டுமே சீராகுமென்று 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்துக் கண்டது. செம்மண் புழுதி பறக்கும் நம் தோட்டச் சாலைகளில் எஞ்சினைக் காப்பதற்காக அதனை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெட்ரோல் மிச்சமாகுமென்ற பொய்க் காரணத்துக்காக அன்று.

காந்தக் கட்டையின் கதை யாது? பெட்ரோல் காந்தத்துக்கு வசமாகும் பொருளன்று. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் தனக்குள் வரும் பெட்ரோலைப் பெரும்பாலும் முற்றவே எரித்துவிடுகிறது. இழப்பெல்லாம் வெப்பமாய் வெளியேறுவதில்தான் உள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய சாதனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்தது. மிகச் சிலவே சிறிது பயன் தந்தன. சில எஞ்சினுக்குத் தீங்கும் செய்தன. ஆக, அண்ணனின் எலுமிச்சம்பழத்துக்குச் சில காசு. என் எலுமிச்சம்பழத்துக்கு 90 ரிங்கிட். மேலும், அண்ணன் பழம் வைத்த கையாலேயே நாள்தோறும் காலையில் தம் டிராக்டரின் காற்றையும் எண்ணெயையும் பார்ப்பவர். நானோ பழத்தை நகைத்தேன், காற்றைப் பார்த்தேனில்லை. மூடப்பழக்கத்தை எள்ளி நகையாடுவது மட்டும் பகுத்தறிவாகாது. அளந்து பார்ப்பதே பகுத்தறிவு. அவ்வகையில் எங்கள் இருவருள் பகுத்தறிவாளர் அவரே என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிரேக்கும் உணர்கருவியும் சரிசெய்ய 420 ரிங்கிட் ஆயிற்று. வண்டி மீண்டும் 13 கிலோமீட்டர் ஓடவில்லை. வயதாகிவிட்டது, 12½ ஓடிற்று. மாதம் 26 லிட்டர், அஃதாவது 53 ரிங்கிட் 30 காசு மிச்சமாயிற்று. எட்டு மாதத்தில் செலவிட்ட தொகை திரும்பிற்று. மகளின் வகுப்பு நிற்கவில்லை. அந்தப் பெட்ரோல் மானிய விலைப் பெட்ரோல். நான் புகையாக்கிய ஒவ்வொரு லிட்டரிலும் பொதுமக்களின் பணமும் புகையாயிற்றென்பதைப் பின்னரே உணர்ந்தேன். 2025 செப்டம்பர் 30இல் புடி 95 திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு விலை 1 ரிங்கிட் 99 காசாகக் குறைந்தது. விலை குறைந்ததென்பது வீணாக்குவதற்கு உரிமையாகாது.

இப்பொழுது என் வண்டியில் ஒரு சிறு ஏடு இருக்கிறது. தொட்டி நிரப்பும்போதெல்லாம் ஓட்ட எண்ணையும் லிட்டரையும் குறிக்கிறேன். வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் அவ்வெண்ணைப் பார்க்கிறேன். திடீரெனக் குறைந்தால் எங்கோ நோயிருக்கிறதென்று பொருள். மாதம் ஒருமுறை, வண்டி ஓடுமுன் காலைக் குளிரில் காற்றளவு பார்க்கிறேன். அளவுகோலைப் பிடிக்க என் மகளுக்கும் கற்பித்திருக்கிறேன்.

நண்பர்களே! இன்று மாலை வீடு திரும்பியதும் ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். நாளை காலை டயரை அளந்து பாருங்கள். அருகிலுள்ள ஓட்டுநர் எவரேனும் ஒரு சொல் சொன்னால், அவர் எத்தனை வகுப்புப் படித்தவரென்று கேளாமல் செவிகொடுங்கள்.