ஐம்பது வயதில் ஒரு பயோடேட்டா

காவிரிப் படுகையில் அதிராம்பட்டினம், ராஜகிரி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை போன்ற நம் ஊர்களில் சபுராளி இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். சவூதி அரேபியா 2011இல் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 ஜூலை முதல் உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வசூலித்து, ஆண்டுதோறும் அதை உயர்த்தியது. 2020இல் பெருந்தொற்றும் வந்தது. அங்கே பொறுப்பான பதவிகளில் இருந்த பலர் ஊர் திரும்பினார்கள். ஐம்பதைத் தொட்ட வயதில் மறுபடியும் வேலை தேடும் அவர்களில் சிலர், தங்கள் பயோடேட்டாவைத் திருத்தித் தருமாறு எங்களிடம் கொடுப்பதுண்டு.

பெரும்பாலும் ஒரே வார்ப்பு. தகப்பனார் பெயர், மதம், பாஸ்போர்ட் எண், பத்தாம் வகுப்பு மதிப்பெண் எல்லாம் விரிவாக இருக்கும். தம்மாமில் பதினெட்டு ஆண்டுகள் கிடங்கு மேலாளராக இருந்த ஒரு சகோதரரின் ஐந்து பக்கங்களில், அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குக் கிடைத்த இடம் ஒரே வரி: ‘ஸ்டோர் வேலைகளைக் கவனித்தல்’. ஏன் என்று கேட்டோம். “நம்மை நாமே புகழ்வது பெருமையாகிவிடாதா, தம்பி?” என்றார்.

அவருக்கு யூசுஃப் (அலை) அவர்களை நினைவூட்டினோம். பஞ்சம் வரவிருந்த வேளையில், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் தருமாறு அரசரிடம் அவர்களே கேட்டார்கள் (12:55). அதற்குக் கூறிய தகுதிகள் இரண்டு: பாதுகாக்கத் தெரியும், அதற்கான அறிவும் உண்டு. நபி யஃகூப் (அலை) அவர்களின் மகன் என்ற வம்சச் சிறப்பை அங்கே எடுத்துரைக்கவில்லை. வேலைக்குத் தேவையானதைச் சொன்னார்கள், அது பெருமையன்று.

பிறகு உட்கார்ந்து கணக்கெடுத்தோம். அவருக்குக் கீழ் எத்தனை பேர், ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கில் குறைவு எவ்வளவு இறங்கியது, பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறியது யார் பொறுப்பில்? ஆதாரம் உள்ள எண்களை மட்டுமே எழுதினோம். பழைய முதலாளியின் கொள்முதல் விலைகளைத் தொடவில்லை, அவை அமானிதம். ஐந்து பக்கம் இரண்டானது. கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு விரிவு, அதற்கு முந்தையவற்றுக்கு ஆளுக்கொரு வரி. இப்போது பல நிறுவனங்களில் முதலில் படிப்பது கணினிதான் என்பதால் கட்டங்களையும் அட்டவணைகளையும் நீக்கி, விளம்பரத்தில் உள்ள பதவிப் பெயரையே மேலே இட்டோம். (‘மேற்கண்டவை உண்மை’ என்ற இறுதி உறுதிமொழியை விட அவருக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.)

கடினமான பகுதி இனிதான் வந்தது. அவருடைய இகாமாவில் பதிவான தொழில் ‘ஆமில்’, அதாவது கூலித் தொழிலாளி. நம்மவர் பலருக்கும் இதே நிலைதான். அதோடு, திரும்பி வந்தபின் இரண்டு ஆண்டுகள் வேலை இல்லை. இரண்டையும் மறைத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார்.

நெல் விளையும் ஊரில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள் என்பதும், மேலே காய்ந்ததைப் பரப்பி அடியில் ஈரத்தை வைப்பவர் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள ஹதீஸ் இது.

எனவே ஈரத்தை மேலேயே வைத்தோம். பதவி ‘கிடங்கு மேலாளர்’. அடுத்த வரியில், இகாமாவில் பதிவான தொழில் இன்னது, அனுபவச் சான்று இணைப்பில் உள்ளது. 2020 முதல் 2022 வரை: தாயாரைக் கவனித்தல், அரை வேலி நிலத்தில் சாகுபடி. யூசுஃப் (அலை) அவர்களும் சிறையில் சில ஆண்டுகள் கழித்தவர்கள்தாம். தம்மீதான பழி விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்ட பிறகே வெளியே வந்தார்கள்.

அந்தச் சகோதரருக்கு அடுத்த வாரம் சென்னையில் நேர்முகத் தேர்வு. துஆச் செய்யுங்கள்.